சென்னையிற் பியானோப் பயிற்சி: அகவையும் இசையெழுத்தும்

பியானோவைக் கற்கப் புகுவோர் ஐந்தாறு அகவைக்குள் அதன் முன் அமர்தல் வேண்டும். பிந்திக் கற்பது பயன்தராது என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. இது சென்னை நகரின் இசை வரலாற்றோடு பொருந்துமாறு இல்லை என்பதே நம் துணிபு.

1842-இல் மிஸ்குவித் என்பார் சென்னையில் நிறுவிய இசைக்கருவி நிலையம் பின்னர் மியூசி மியூசிகல் எனப் பெயர் பெற்றது. இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளும் இந்நகரில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. அத்தேர்வின் படிநிலைகள் திறனை அளப்பனவேயன்றி அகவையை அளப்பன அல்ல. சிறுமியும் முதியவரும் ஒரே படிக்கு அமரலாம்.

தன்ராஜ் மாஸ்டரின் மாணாக்கரை நோக்கின் உண்மை தெளிவாகும். 1943-இல் பிறந்த இளையராஜா, 1960களின் இறுதியிற் சென்னைக்கு வந்த பின்னரே அவரிடம் மேலையிசை பயின்றார். அப்போது அவர் ஏறத்தாழ இருபத்தைந்து அகவையினர். தமையன் பாவலர் வரதராசனுடன் ஊர்தோறும் மேடையேறி, நாட்டுப்புற மெட்டுகளைக் கையகப்படுத்தியிருந்தவர். 1967-இல் பிறந்த ஏ. ஆர். ரகுமானோ அதே ஆசிரியரிடம் சிறுவராகப் பயின்றவர். ஒருவர்க்கு இசை முன்னரே உண்டு, எழுத்து பின் வந்தது. மற்றவர்க்கு இரண்டும் உடன் வளர்ந்தன. பேச்சில் வல்ல ஒருவர் முதுமையில் அரிச்சுவடி கற்பதும், குழவி மொழியோடு எழுத்தையும் பயில்வதும் இவ்வாறு வேறுபடுவனவே. பிந்திக் கற்ற அவ்வெழுத்தினாலேயே இளையராஜா தம் சிம்பொனியை எழுதி, 2025 மார்ச்சு 8-இல் இலண்டனில் அரங்கேற்றினார்.

கற்பிக்கும் முறை வேறுபடுதல் உண்மையே. எட்டாம் சுரம் வரையிலான இடைவெளி பதினாறரை செண்டிமீட்டர் அளவினது. சிறுவர் கைக்கு அஃது எட்டாது, காலும் மிதியைத் தொடாது. வளர்ந்தோர்க்குக் கை எட்டும். ஆனால் விரல் எளிதில் வளையாது, பிழைக்கு நாணமும் மிகுதி. நாணம்தான் பெருந்தடை என்பது எம் கருத்து.

வளர்ந்த தமிழ் மாணாக்கர்க்கு வேறோர் ஆக்கமும் உண்டு. நம் பாடகர் சுருதியைக் 'கட்டை'யாற் குறிப்பர். ஆர்மோனியத்தின் வெண்கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடைப்பட்ட கருங்கட்டைகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்பது வழக்கு. மூன்றிற்கும் நான்கிற்கும் இடையே கருங்கட்டை இன்மையால் 'மூன்றரைக் கட்டை' என்னும் வழக்கு எழவில்லை. பியானோவின் கட்டை வரிசையும் இதுவே! ஆகவே இசையரங்கிற் பழகிய செவியினர், ஒரு கட்டையையும் தொடாமலே அதன் வரைபடத்தைச் சொல்லளவில் அறிவர். கலைச்சொல்லாக்க முயற்சிகளிற் பியானோவின் கட்டைகளுக்குப் புதுப்பெயர் தேடுவோர், மக்கள் ஆக்கி வழங்கும் இவ்வெண்முறையைப் புறக்கணித்தல் எற்றுக்கு?