இனப்பெருக்க ஹார்மோன்கள்: மைசூர் நாட்டு வரலாறு

இனப்பெருக்க ஹார்மோன்கள் என்பவை மூளையின் அடிப்பகுதியிலும் அண்டகம், விந்தகம் ஆகிய சுரப்பிகளிலும் சுரந்து, குருதியில் கலந்து, கருமுட்டையும் விந்தணுவும் உருவாவதையும் கரு தங்கி வளர்வதையும் நெறிப்படுத்தும் வேதிப்பொருள்கள் ஆகும். பழைய மைசூர் நாட்டுக்கு, இவற்றைப் பற்றிய அறிவின் வரலாற்றிலும் அவ்வறிவை மக்கள் நலனுக்குப் பயன்படுத்திய வரலாற்றிலும் தனி இடம் உண்டு.

செயற்படும் முறை

மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டுச் சுரக்கும் தூண்டு ஹார்மோன், அதனடியில் அமைந்த பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்னும் இரண்டு ஹார்மோன்களை வெளிப்படச் செய்கிறது. பெண்ணில் எஃப்.எஸ்.எச். கருமுட்டையைச் சூழ்ந்த நுண்பையை வளர்க்க, அந்நுண்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் உச்சமடையும்போது எல்.எச். திடீரெனப் பெருகி, ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டை வெளியேறுகிறது. முட்டை நீங்கிய நுண்பை கார்பஸ் லூட்டியம் எனும் மஞ்சள் நிறத் திசுவாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து கருப்பையைக் கருவுக்காக ஆயத்தப்படுத்துகிறது. கரு தங்காவிடில் அத்திசு இரு வாரங்களில் சிதைந்து மாதவிடாய் நிகழ்கிறது. தங்கினால், கருவிலிருந்து வரும் எச்.சி.ஜி. ஹார்மோன் அதனைச் சிதையாமல் காக்கிறது. ஆணில் எல்.எச். டெஸ்டோஸ்டிரோன் சுரப்பையும், எஃப்.எஸ்.எச். விந்தணுக்களைப் பேணும் செல்களையும் தூண்டுகின்றன.

அறிவின் வளர்ச்சி

1849-இல் ஜெர்மானியரான பெர்தோல்டு, விந்தகம் நீக்கப்பட்ட சேவல்களின் உடலில் வேறிடத்தில் விந்தகத்தை ஒட்டவைத்து, அவற்றின் கொண்டையும் கூவலும் குன்றாதிருப்பதைக் கண்டார். குருதியில் கலக்கும் ஏதோவொரு பொருளே இதற்குக் காரணம் என்பதற்கு அது முதற்சான்றாயிற்று. ஆயினும் முட்டை வெளிப்படும் காலம் நெடுநாள் தவறாகவே உணரப்பட்டிருந்தது. 1920-களில் ஜப்பானின் ஓகினோவும் ஆஸ்திரியாவின் கினாஸும் தனித்தனியே ஆராய்ந்து, அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன் முட்டை வெளியேறுகிறது என்று நிறுவினர். ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரோன் 1929-இலும், புரோஜெஸ்டிரோன் 1934-இலும், டெஸ்டோஸ்டிரோன் 1935-இலும் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டன.

மைசூர் அரசின் முயற்சி

இவ்வறிவு முழுமை பெறும் முன்பே, நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்தபோது, 1930-இல் மைசூர் அரசு கருத்தடை மருத்துவ நிலையங்களைத் தொடங்க ஆணையிட்டது. அரசே முன்வந்து நடத்திய இத்தகைய நிலையங்களில் உலகிலேயே முதலாவதாக இவை கருதப்படுகின்றன. அடுத்தடுத்த பேறுகளால் தாயின் உடல் நலியாமல் காப்பது அரசின் கடமை என்று ஏற்கப்பட்டதே இவ்வாணையின் சிறப்பாகும். ஆனால் அன்றிருந்த கருத்தடை முறைகள் தடுப்புச் சாதனங்களையே பெரிதும் சார்ந்திருந்தன. ஹார்மோன்களின் வழியே கருவுறுதலைத் தடுக்கும் மாத்திரை 1960-இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

பெங்களூரு ஆய்வுகள்

பிற்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என். ஆர். மௌட்கல் தலைமையில் நடந்த ஆய்வுகள் இத்துறைக்கு வலுச் சேர்த்தன. ஒரு ஹார்மோனை மட்டும் பற்றிச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளைச் செலுத்தி, அதனால் உடலில் எது நின்றுபோகிறது என்று காண்பது அவர் கையாண்ட முறையாகும். இம்முறையால் எல்.எச். ஹார்மோனைத் தடுத்தபோது எலிகளில் தொடக்கநிலைக் கருப்பம் நிலைக்கவில்லை. முட்டை வெளியான பின்னரும் அந்த ஹார்மோன் தேவை என்பது இதனால் தெளிவாயிற்று. தென்னிந்தியக் குல்லாய்க் குரங்கின் ஆண்களில் எஃப்.எஸ்.எச்.-ஐத் தடுத்தபோதோ, டெஸ்டோஸ்டிரோன் குறையாமலே விந்தணு ஆக்கம் குன்றியது. ஆட்டின் எஃப்.எஸ்.எச்.-ஐத் தடுப்பூசியாகக் கொண்டு ஆண் தன்னார்வலர் சிலரிடம் நடத்திய தொடக்க ஆய்வின் முடிவுகள் 1997-இல் வெளியாயின. அம்முயற்சி பொதுப் பயன்பாட்டு மருந்தாக முதிரவில்லை. எனினும் ஆண்மைக்குரிய ஹார்மோனைக் குலைக்காமல் விந்தணு ஆக்கத்தை மட்டும் குறைக்க இயலும் என்பதை அது எடுத்துக்காட்டியது. 1930-ஆம் ஆண்டு ஆணையின் காலந்தொட்டுப் பெரும்பாலும் பெண்ணின் உடலே தாங்கிவரும் கருத்தடைச் சுமையை ஆணும் பகிர்ந்துகொள்ளும் வழியை உடலியலின் துணையுடன் தேடியமையே பெங்களூரு ஆய்வுகளின் நிலைத்த மதிப்பாகும்.