பனையேறிக்கு ஏன் சட்டை இல்லை?

தை மாதப் பனி எப்படி இருக்கும் என்று பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேர்வராயன் மலைக்கு வடக்கே விடியும் நேரத்தில் ஊரே போர்வைக்குள் இருக்கும். பனையேறி மட்டும் அப்போதே மரத்தடிக்கு வந்தாக வேண்டும். வெயில் ஏற ஏற கலயத்தில் இருக்கும் பதநீர் புளித்துவிடும். (சுண்ணாம்பு தடவினாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.) அந்தக் குளிரில் அவர் என்ன உடுத்தியிருந்தார்? பழைய புகைப்படங்களைப் பாருங்கள்... இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஒரு துணி. அவ்வளவுதான்!

வறுமைதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். வறுமையும் உண்டுதான். ஆனால் வேலையும் அப்படிப்பட்டது. பனையில் பிடித்து ஏறக் கிளை கிடையாது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப்பிடித்து, மார்பு உரச உரசத்தான் ஏற வேண்டும். தொளதொள சட்டை செதிலில் மாட்டிக்கொண்டால் ஆளே போய்விடுவார். அதனால் மறைக்க வேண்டிய இடத்தை மட்டும் மறைத்தார்கள். மார்பு தேயாமல் இருக்க ஒரு தோல். இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடிக்கத் தளைநார். இடுப்புக்குப் பின்னால் அரிவாள் பெட்டி. அதில் மட்டை கழிக்க ஓர் அரிவாள், பாளை சீவ இன்னொன்று. பாளையை நசுக்கக் கடிப்பு, கலயத்தில் தடவச் சுண்ணாம்பு. எல்லாம் இடுப்போடு சரி, கை இரண்டும் மரத்துக்கு! நெல்லைச் சீமையில் ஒருவர் 30 முதல் 50 மரம் வரை, ஒவ்வொன்றிலும் நாளுக்கு இரண்டு தடவையாவது ஏறினார் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

கனடா, சுவீடன் மாதிரி உறைபனி நாடுகளிலும் குளிர்காலத்தில் மரம் ஏறுகிறார்கள். இலை உதிர்ந்த மரத்தில் கிளை கழிப்பது சுலபம். ஆனால் அங்கே கயிற்றில் தொங்கியபடி நெடுநேரம் மேலேயே இருக்க வேண்டும். உடம்பு அசையாவிட்டால் விறைத்துவிடும். அதனால் உள்ளே கம்பளி, மேலே காற்றுத் தடுக்கும் சட்டை, ஈரமானால் மாற்ற இன்னொரு ஜோடி கையுறை. பருத்தி உடுப்பு உள்ளே ஆகாது, வியர்வையைக் குடித்துக்கொண்டு அதுவே குளிரும். நம் பனையேறியோ சில நிமிடங்களில் ஏறி இறங்கிவிடுவார். ஏறுகிற வேகத்திலேயே உடம்பு சூடாகிவிடும். அவருக்குக் குளிரைவிடப் பெரிய எதிரி, பனியில் நனைந்து வழுக்கும் மரம்தான்.

இந்த உடுப்பையும் கருவிகளையும் ஒரே நாளில் மூலையில் போட வைத்த ஒரு தேதி உண்டு: 1937 அக்டோபர் 1. ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தது. பாப்பிரெட்டிப்பட்டியும் அப்போது சேலத்தில்தான் இருந்தது, தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல். கள் இறக்கியவர்களுக்குப் பதநீரும் வெல்லமும்தான் மிச்சம். அரசுக்கும் கள் வருமானம் போயிற்று. அதை ஈடுகட்ட வந்ததுதான் 1939ஆம் வருட விற்பனை வரி. வணிகவியல் மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட அந்த வரிக்குப் பின்னால் கள்ளுப் பானை இருக்கிறது என்பது வேடிக்கைதான்! அரசு தன் நஷ்டத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. பனையேறியின் நஷ்டத்துக்கு அப்படி நிலையான வழி எதுவும் வரவில்லை. போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது. பிறகு இடையிடையே கள்ளுக்கடைகள் திறந்தன, மூடின. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடைதான்.

பக்கத்துத் தெலுங்கு நாட்டில் கதை வேறு. அங்கே கள் இறக்குவது சட்டப்படியான தொழில். இடுப்பையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றும் 'மோக்கு' என்ற கயிறு அவர்களுடைய பழைய கருவி. 2024இல் தெலங்கானா அரசு கள் இறக்குபவர்களுக்குப் பாதுகாப்புப் பட்டையும் கயிறும் கொண்ட கருவித் தொகுப்பைக் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டிலோ 2021இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளைக் கொடுப்பதாக அறிவித்தது. நல்ல விஷயம். விதை முளைத்துப் பாளை விட எப்படியும் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அதற்குள் தளைநார் முறுக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?