ஒற்றை விசையால் எழுதியவர்கள்

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், 1944ஆம் வருஷம், லுட்விக் குட்மன் என்ற ஜெர்மானிய யூத வைத்தியர் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியபோது, அத்தகைய நோயாளிகள் நெடுங்காலம் பிழைத்திருப்பது அபூர்வம் என்பதே வைத்திய உலகின் பொதுவான அபிப்பிராயமாக இருந்தது. அவருடைய சிகிச்சையால் அவர்கள் பிழைத்தார்கள். பிழைத்ததனாலேயே, கழுத்துக்குக் கீழே அசைவற்றுப்போன ஒருவர் எஞ்சிய ஆயுளில் ஒரு கடிதத்தை எப்படி எழுதுவார் என்ற புதிய பிரச்சினையும் பிறந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ரெஜ் மாலிங் என்பவர், நோயாளிகளிடம் தாதியை அழைக்கும் மணியைத் தவிர வேறு சாதனம் இல்லாததைக் கவனித்து, குழாயில் ஊதியும் உறிஞ்சியும் இயக்கத்தக்க ஒரு மின் யந்திரத்தை 1960ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். 'பாஸம்' என்று பெயர்பெற்ற அந்த யந்திரம் மணியையும் விளக்கையும் மட்டுமன்றித் தட்டச்சு யந்திரத்தையும் மூச்சுக்குக் கட்டுப்படச் செய்தது.

ஒரே ஓர் அசைவு மட்டும் வசமாயிருப்பவர் எழுதும் முறை இன்றுவரை பெரிதும் மாறிவிடவில்லை. எழுத்துக்கள் கட்டம் கட்டமாக நிற்கும். ஒரு வெளிச்சம் வரிசை வரிசையாக இறங்கிவரும். வேண்டிய வரிசையில் அது நிற்கும் கணத்தில் சுவிட்சை அழுத்தினால், பிறகு அவ்வரிசைக்குள்ளேயே எழுத்து எழுத்தாக நகரும். மறுபடி அழுத்தினால் எழுத்து விழும். ஆகவே மேல் மூலையில் நிற்கும் முதல் எழுத்துக்கு இரண்டு படிகளே போதுமானால், ஆறுக்கு ஆறு கட்டங்கொண்ட பலகையின் கீழ்க்கோடியில் நிற்கும் எழுத்துக்குப் பன்னிரண்டு படிகள் காத்திருக்க வேண்டும். பத்து விரல்களுக்காகப் பிறந்த ஆங்கிலத் தட்டச்சு வரிசையை அப்படியே தூக்கி இக்கட்டத்தில் வைத்தால் நேரும் விபரீதத்தைப் பாருங்கள்: ஆங்கிலத்தில் அரிதாகவே வரும் 'க்யூ' இரண்டே படிகளில் கிடைக்கும் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்க, அடிக்கடி வரும் 'என்' ஒன்பது படிகளுக்கு அப்பால் காத்துக் கிடக்கும்.

வரிசையின் மகிமையை யந்திரத்தின் துணையின்றியே நிரூபித்தவர் ழான் தொமினிக் போபி. பிரெஞ்சுப் பத்திரிகை 'எல்'லின் ஆசிரியராயிருந்த அவர் 1995 டிசம்பரில் மூளை ரத்தக்குழாய் நோயால் வீழ்ந்தார். கண்விழித்தபோது, இடது கண்ணின் இமை ஒன்றே பேச்சுக்குரிய கருவியாக எஞ்சியிருந்தது. எதிரே அமர்ந்தவர் எழுத்துக்களை ஒவ்வொன்றாக உச்சரிக்க, வேண்டிய எழுத்தில் அவர் இமைத்தார். அந்த வரிசை அகராதி வரிசையாக இராமல், பிரெஞ்சில் மிகுதியாக வரும் 'ஈ'யில் தொடங்கி அருகிவரும் எழுத்துக்களை நோக்கி இறங்கிச் சென்றது. அப்படியே ஒரு முழுப் புத்தகம் எழுதி முடிந்தது. 1997 மார்ச்சில் அது வெளிவந்த சில நாட்களுக்குள் அவர் காலமானார்.

இதற்குப் பத்தாண்டு முன்பே இம்முறை கணினிக்குள் புகுந்துவிட்டது. கலிபோர்னியாவின் வால்ட் வோல்டோஸ், தசைகள் செயலிழக்கும் வியாதிக்கு ஆளான தம் மாமியாருக்காக இத்துறையில் இறங்கியவர். அவர் எழுதிய 'ஈக்வலைஸர்' என்ற மென்பொருள், 1985இல் குரலை இழந்த ஸ்டீபன் ஹாக்கிங்குக்குக் கிடைத்தது. கையிலிருந்த ஒரு சுவிட்சைக் கொண்டு நிமிஷத்துக்குப் பதினைந்து வார்த்தைகள் வரை அவரால் அமைக்க முடிந்தது.

எழுத்துக்களின் இடத்தைக் கம்பிச்சுற்று நிர்ணயித்த காலம் போய், ஒரு கோப்பு நிர்ணயிக்கும் காலம் வந்தபோதுதான் விசையமைப்புத் திருத்தி என்ற உபகரணத்துக்கு இடமேற்பட்டது. எந்த விசை எங்கே, எவ்வளவு அகலத்தில், எந்தக் குழுவோடு சேர்ந்து ஒளிர வேண்டும், அழுத்தினால் ஓர் எழுத்து விழ வேண்டுமா, 'தண்ணீர் வேண்டும்' என்ற முழு வாக்கியமே விழ வேண்டுமா என்பவற்றையெல்லாம் அது கேட்டு எழுதி வைக்கும். லினக்ஸ் கணினிகளின் க்னோம் திரைக்காக டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உருவான 'காக்' என்ற திரைவிசைப்பலகை, அமைப்புகளைத் தனிக் கோப்புகளில் வைத்ததோடு, திறந்திருக்கும் செயலியின் பட்டியல்களைத் தானே படித்து அவற்றையும் விசைகளாக்கித் தந்தது. அதன் கீர்த்தி நெடுநாள் நிலைக்கவில்லை. 2011இல் க்னோம் தன் மூன்றாம் அவதாரத்தை எடுத்தபோது அடித்தளம் மாறியது. 'காக்' கைவிடப்பட்டு 'கரிபு' வந்தது. கோப்பின் முறையும் வேறானது. ஒருவருடைய சௌகரியத்துக்கென்று பொறுமையாகச் செதுக்கிய பலகை ஒரே பதிப்பு மாற்றத்தில் செல்லாக்காசாகிவிடக் கூடும் என்பதால், புதிய வசதிகளைக் கூட்டுவதைவிடப் பழைய கோப்பைப் பழுதின்றித் திறப்பதே திருத்தியைப் பராமரிப்பவரின் முதற்கடமை என்பது என் அபிப்பிராயம்.

பழகிய அமைப்பின்மேல் உபயோகிப்பவருக்கு உள்ள பிடிப்பை இன்டெல் பொறியாளர்கள் ஹாக்கிங்கிடமே கண்டுகொண்டார்கள். கைக்குப் பின் சுவிட்சை இயக்க அவர் நம்பியிருந்த கன்னத்துத் தசையும் தளர்ந்து, நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு வார்த்தை என்ற நிலைக்கு அவர் வந்துவிட்ட பிறகு, புதுமையான பல உபாயங்களோடு அவர்கள் வந்தார்கள். அவரோ தமக்குப் பழக்கமான திரை அடியோடு மாறுவதை விரும்பவில்லை. கடைசியில் பழைய தோற்றத்தை ஏறக்குறைய அப்படியே வைத்து, வார்த்தைகளை முன்கூட்டி ஊகிக்கும் சக்தியை உள்ளே சேர்த்தார்கள். அந்த மென்பொருள் 2015இல் எவரும் எடுத்துத் திருத்தத்தக்க வகையில் வெளியிடப்பட்டது. இரண்டு வருஷங்களுக்குப் பின் ஆப்பிள் நிறுவனமும் தன் கணினிகளின் அணுகல் விசைப்பலகையோடு ஒரு திருத்தியைச் சேர்த்தது. ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது: இத்திருத்திகள் பலவும் சுட்டெலியால் விசையை இழுத்து வைக்கும்படி அமைந்தவை. எந்தக் கைகள் இயங்காததனால் பலகை வேண்டியிருந்ததோ, அதே கைகளைப் பலகையைத் திருத்தும் வேலை கேட்கிறது. ஆகவே மகனோ மனைவியோ பக்கத்தில் அமர்ந்து, கேட்டுக் கேட்டு நகர்த்துகிறார்கள்.

முன்சொன்ன கட்டக் கணக்கைத் தமிழுக்கும் போட்டுப் பார்க்கலாம். 1999இல் சென்னையில் கூடிய மகாநாட்டை ஒட்டிப் பிரமாணமான 'தமிழ்99', உயிரெழுத்துக்களை இடப்புறமும் மெய்களை வலப்புறமும் நிறுத்தி இரு கைகளும் மாறிமாறி இயங்க வழிசெய்தது. ஒற்றைச் சுவிட்சுக்காரருக்கு அந்த நயத்தால் லாபமில்லை. ஆனால் ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும் என்ற அதன் விதி ஒவ்வொரு இரட்டிப்பிலும் ஒரு தேர்வை மிச்சப்படுத்தும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, இவற்றோடு புள்ளி, இடைவெளி, அழிப்பு, முற்றுப்புள்ளி என்று சேர்த்தால் 35 ஆகிறது. ஆறுக்கு ஆறு பலகையில் எஞ்சும் ஒரே கட்டத்தை இரண்டாம் பக்கத்தைத் திறக்கும் விசைக்குக் கொடுத்துவிட்டுக் கிரந்த எழுத்துக்களை அப்பக்கத்துக்கு அனுப்பிவிடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை எழுதுகிறவரைக் கேட்காமல் நிச்சயிக்கக் கூடாது, ஸ்ரீநிவாசன் என்று பெயர் கொண்ட ஒருவர் அதற்கு லேசில் சம்மதிக்க மாட்டார்.