புதையலா, வெடிகுண்டா?

ஜியோகேச்சிங் பற்றி பேப்பர்ல வர்றது பெரும்பாலும் ரெண்டே கதைதான். ஒண்ணு புதையல், இன்னொண்ணு வெடிகுண்டு.

2000 மே 2ஆம் தேதி, ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே கலந்து வெச்சிருந்த பிழையை அமெரிக்க அரசு எடுத்தது. மறுநாளே டேவ் உல்மர்ங்கறவர் ஒரிகன் மாநிலம் பீவர்க்ரீக் பக்கம் ஒரு பக்கெட்டை ஒளிச்சு வெச்சுட்டு, அட்சரேகை தீர்க்கரேகையை யூஸ்நெட்ல போட்டார். உள்ளே இருந்த புதையல்ல ஒரு கவணும், ஒரு டின் பீன்ஸும் உண்டு :-) அந்த அக்டோபரிலேயே நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 'ஹைடெக் புதையல் வேட்டை'ங்கற மாதிரி தலைப்புகள் அப்புறம் ஒட்டிக்கிட்டது.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, கேட்பாரற்ற டப்பான்னாலே பயம். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி ஊர்ல, கடைத்தெரு பூத்தொட்டிக்கடியில் ஒருத்தர் ஒளிச்ச பிளாஸ்டிக் டப்பாவை ராணுவம் வந்து வெடிச்சுத் தகர்த்தது. அது செய்தியாச்சு.

பேப்பர்காரங்க பொய் சொல்லலை. பதுங்கிப் பதுங்கி டப்பா வைக்கிறவரைப் பார்த்தா நானும் போலீசுக்குத்தான் போன் பண்ணுவேன். ஆனா கண்டுபிடிச்சவர் உள்ளேயிருக்கிற நோட்டுல பேரையும் தேதியையும் எழுதிட்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வெச்சுட்டுப் போறாரே, அடுத்து வர்ற முகம் தெரியாத ஆளுக்காக? விளையாட்டே அதுதான். தலைப்புச் செய்திக்கு அது போதாது, அவ்வளவுதான்.

ஒளிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: இடத்துக்காரர்கிட்ட அனுமதி வாங்குங்க, டப்பா மேல 'ஜியோகேச்'னு பெரிசா எழுதுங்க. ரெண்டாவது கதை குறையும்.