தாய்ப்பாலும் கடிகாரமும்

பிறந்து மூன்று கிழமையேயான குழந்தை ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலுக்கு அழுகின்றது. “தாய்க்குப் பால் போதாது, அதனாலேதான் பிள்ளை ஓயாமற் கேட்கின்றது” என்று ஒருவர் சொல்கின்றார். மாதம் முடிந்து தராசில் வைத்துப் பார்த்தால் அதே பிள்ளை ஒரு கிலோகிராமுக்கு மேல் நிறை கூடியிருக்கின்றது. “இவ்வளவு விரைவாக நிறை ஏறுவது நல்லதா?” என்று மற்றொருவர் ஐயுறுகின்றார்.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் எமது கரையோர ஊர்களில் இவ்விரு பேச்சுகளையும் ஒரே வளவிற் கேட்கலாம். ஒன்றையொன்று மறுக்கும் இவ்வையங்கள் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன என்பதே கவனிக்கத்தக்கது. பால் போதாது என்போர் புட்டியைச் சுட்டுகின்றனர். நிறை மிஞ்சுகின்றது என்போர் நேரம் பார்த்துப் பால் கொடுக்குமாறு பணிக்கின்றனர். இரண்டினாலும் குறைவது தாயின் பாலே. இவ்வையங்கள் தாய்மாரின் அறியாமையிற் பிறந்தவை அல்ல. அவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. குழந்தையின் பசிக்குக் கடிகாரத்தையும், அதன் வளர்ச்சிக்குப் பொருந்தாத அளவுகோலையும் விதித்த வரலாறு அது.

முதலில் இயற்கை கூறுவது யாது எனக் காண்போம். மனிதத் தாயின் பாலிற் புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே உண்டு. பசும்பாலில் அது மூன்று பங்குக்கு மேல். நாளுக்கு ஒருமுறையே குட்டிகளுக்குப் பாலூட்டும் முயலின் பாலோ புரதமும் கொழுப்பும் மிகச் செறிந்தது. குட்டியை வளையில் விட்டுச் செல்லும் விலங்கின் பால் செறிவாகவும், குட்டியைத் தன்னோடு தாங்கித் திரியும் விலங்கின் பால் நீர்த்தும் இருத்தல் பொதுவாகக் காணப்படும் ஒழுங்கு. மனிதக் குழந்தை பின்னைய வகையைச் சார்ந்தது. கலகாரிப் பாலைவனத்தில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த குங் மக்களின் குழந்தைகள், விழித்திருக்கும் வேளையில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய நான்கு தடவை சிறிது சிறிதாகப் பால் குடித்ததைக் கொன்னர், வேர்த்மன் என்னும் ஆய்வாளர் 1980இல் எழுதினர். நம்மிடையே பிறக்கும் குழந்தை இருபத்துநான்கு மணித்தியாலத்தில் எட்டு முதற் பன்னிரண்டு தடவை குடிப்பது வழமை. சில நாட்களில், சிறப்பாக மாலை வேளைகளில், இதனிலும் கூடும்.

பால் சுரக்கும் முறையும் இதற்கேற்ப அமைந்ததே. மார்பகம் நிரப்பி வைக்கும் குடம் அன்று. குடிக்கக் குடிக்க ஊறும் கேணி. குழந்தை உறிஞ்சி வெறுமையாக்கும் அளவுக்கே அடுத்த சுரப்பு நிகழும். பால் தேங்கி நின்றாற் சுரப்பு மட்டுப்படும். ஆகவே, அடிக்கடி குடித்தல் பால் குறைந்தமைக்குச் சான்று அன்று. பால் பெருகுவதற்கான வழியே அது. குழந்தை தன் நாளைய உணவுக்கு இன்று உழைக்கின்றது எனலாம்.

இவ்வளவு தெளிவான விடயத்திற் கடிகாரம் எவ்வாறு புகுந்தது? 1748இல் இலண்டன் நகரில் வில்லியம் கடோகன் என்னும் வைத்தியர் குழந்தை வளர்ப்புப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணிய இல்லத்தின் நிருவாகிகளுக்கு அது எழுதப்பட்டது. தாய்மாரே பாலூட்டுதல் வேண்டும் என வற்புறுத்திய அந்நூலே, நாளுக்கு நான்கு தடவை போதும், இரவில் வேண்டாம் எனவும் விதித்தது. 1894இல் நியூயோர்க்கில் எமெற் ஹோல்ட் எழுதிய கைந்நூல் பாலூட்டும் நேரங்களை அட்டவணையாகவே தந்தது. நியூசிலாந்தில் ஒரு மனநோய் வைத்தியசாலையின் அத்தியட்சகராகவும், கன்றுகளுக்கு அளந்து பாலூட்டிப் பரிசோதித்தவராகவும் இருந்த துரூபி கிங் 1907இல் பிளங்கெற் சங்கத்தைத் தொடக்கினார். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவில் இல்லை என்னும் அவரது விதி பிரித்தானியப் பேரரசெங்கும் பரவிற்று.

இவர்கள் தீய நோக்கினர் அல்லர். அக்கால நகரங்களில் அழுக்கான பசும்பாலைப் புட்டியிற் குடித்த குழந்தைகள் வயிற்றோட்டத்தால் ஆயிரக்கணக்கில் மடிந்தன. மிகையாக ஊட்டுதலே நோய்க்குக் காரணம் என வைத்தியர் கருதினர். புட்டிக்குக் கண்ட விதியை மார்பகத்துக்கும் விதித்தமையே பிழையாயிற்று. இன்னொன்றும் நோக்கற்பாலது. ஆலைச் சங்கொலிக்கு மனிதரின் நாள் கூறுபோடப்பட்ட நூற்றாண்டிலேதான் தொட்டிலுக்கும் நேர அட்டவணை வந்தது. ஒழுங்காகப் பாலருந்தும் குழந்தையே ஒழுக்கமுள்ள மனிதனாக வளரும் என்ற எண்ணம், உழைப்பை மணிக்கணக்கில் வாங்கிய சமுதாயத்தின் எண்ணமே.

இலங்கையிலும் 1870இற் கொழும்பில் தோன்றிய மருத்துவக் கல்லூரி பிரித்தானியக் கல்விமுறையையே தழுவிற்று. புதிய மருத்துவத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. 1926இற் களுத்துறையிற் சுகாதாரப் பகுதி தொடக்கப்பட்டது முதல் வீடு வீடாகச் சென்ற மருத்துவ மாதர், இந்நாட்டுத் தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் ஆற்றிய தொண்டு பெரிது. மலேரியாக் கொள்ளைநோய் வாட்டிய 1935இல், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 ஓராண்டுக்குள் இறந்தன. 1950இல் அத்தொகை 82 ஆயிற்று. இச்சாதனையில் அம்மாதருக்கும் பங்குண்டு.

எமது கரையோரத்திற் கடிகாரத்துக்கு எதிராக நின்றது ஒரு சமூக அமைப்பு. இங்கே தாய்வழியாக வரும் குடிமுறை நிலவுகின்றது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுகின்றது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருகின்றான். எனவே பிள்ளை பெற்றவள் தன் தாயின் அருகிலேயே இருக்கின்றாள். உம்மா, உம்மம்மா, சாச்சி, ராத்தா என ஒரு வளவுப் பெண்கள் சமையலையும் மூத்த பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, நாற்பது நாள் அவளுக்குப் பாலூட்டுவதே வேலை. உள்ளியும் பால்சுறாவும் அவள் உணவிற் சேரும். இரண்டாண்டு பாலூட்டலைத் திருக்குர்ஆன் குறிப்பிடுகின்றது. ஒரே தாயிடம் பால் குடித்தோர் பிற மனையிற் பிறந்தவராயினும் உடன்பிறந்தோராகக் கொள்ளப்படுவர். அவர்களிடையே திருமணம் விலக்கு. பாலை உறவாகவே எண்ணிய சமுதாயம் அதற்குக் கணக்குப் பார்க்கவில்லை.

பழையன யாவும் நல்லன என்று கூறுதலும் தகாது. முதற் சுரக்கும் மஞ்சட் பாலைத் தீயதென்று கறந்து ஊற்றும் வழக்கம் தெற்காசியாவிற் பல இடங்களில் இருந்தது. நோயை எதிர்க்கும் பொருள்கள் செறிந்த அப்பாலே குழந்தையின் முதல் மருந்து என்பதை இன்று அறிவோம். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கொடுத்தலாகாது என்பதையும் அறிவோம். மரபிலிருந்து கொள்ளத்தக்கது தாய்க்கு அது தந்த நேரமும் துணையுமே.

அந்த நேரத்தையும் துணையையும் குலைத்த ஆற்றல்களுள் ஒன்று தகரப்பால் வாணிகம். 1939இற் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர், சீனி சேர்த்த தகரப்பாலைக் குழந்தை உணவென்று விற்பதைப் “பாலும் கொலையும்” என்னும் தலைப்பிலே கண்டித்துரைத்தார். 1974இற் பிரித்தானிய அமைப்பொன்று “குழந்தைக் கொலையாளி” என்ற பெயரிற் சிறுநூல் வெளியிட்டது. வெண்ணிற உடையணிந்த விற்பனைப் பெண்களைப் பிரசவ விடுதிகளுக்கு அனுப்பி, மாப்பாலை இலவசமாக வழங்கிய உத்தி உலகறிய வந்தது. அவ்வுத்தியின் நுட்பம் யாதெனில், ஐயத்தை விதைத்தால் அது தானாகவே மெய்யாகிவிடும் என்பதே. பால் போதாது என அஞ்சிய தாய் ஒரு புட்டி கொடுக்கின்றாள். வயிறு நிரம்பிய குழந்தை மார்பிற் குறைவாகக் குடிக்கின்றது. குறைவாகக் குடித்ததனாற் சுரப்புக் குறைகின்றது. அடுத்த கிழமை இரண்டு புட்டி வேண்டியதாகின்றது. இல்லாத குறை இவ்வாறு உண்டாக்கப்பட்டு விற்பனையாகின்றது.

1981 மே மாதத்தில் உலக சுகாதார மன்றம் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு ஒழுக்கக் கோவை இயற்றியபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது ஐக்கிய அமெரிக்கா ஒன்றே. இலங்கை அதே ஆண்டிற் கோவையை ஏற்று, 1983இற் சட்ட வலு அளித்தது. 2016ஆம் ஆண்டின் மக்கட்டொகை, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலை மாத்திரமே அருந்தினர். 2020இல், பாலூட்டலைப் பேணும் கொள்கைகளை மதிப்பிட்ட உலகளாவிய ஒப்பீட்டில் இலங்கை முதலிடம் பெற்றது. வறிய நாடொன்று சட்டத்தாலும் மருத்துவ மாதரின் உழைப்பாலும் ஈட்டிய வெற்றி இது.

இனி, தராசின் கதைக்கு வருவோம். 1977இல் ஐக்கிய அமெரிக்கா வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகளை உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டு அளவையாக ஏற்றுக்கொண்டது. குழந்தைப் பருவத்துக்கான அக்கோடுகள் ஒஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூர்ப் பகுதியில் 1929 முதல் 1975 வரை அளக்கப்பட்ட குழந்தைகளைக் கொண்டு வரையப்பட்டவை. அவர்களிற் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பாற் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதங்களில் விரைந்து வளர்ந்து, பின்னர் வேகம் தணியும். பழைய கோட்டிலே அதை வைத்துப் பார்த்தவர்களுக்கு முதலில் நிறை மிகையாகவும், பின்னர் வளர்ச்சி தளர்வதாகவும் தோன்றிற்று. முன்னதற்குப் பாலைக் குறைக்கவும், பின்னதற்கு மாப்பாலோ கஞ்சியோ சேர்க்கவும் உலகெங்கும் தாய்மார்க்கு ஆலோசனை கூறப்பட்டது. கோணலாயிருந்தது குழந்தையன்று, கோல்.

அக்கோலைத் திருத்துதற்கு 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகள் அளக்கப்பட்டனர். தாய்ப்பாலையே நியமமாகக் கொண்டு 2006இல் வெளிவந்த புதிய அளவைப்படி, ஆண் குழந்தையின் நடு நிறை பிறப்பில் 3.3 கிலோகிராம், ஒரு மாதத்தில் 4.5, இரண்டில் 5.6, மூன்றில் 6.4, ஆறில் 7.9, பன்னிரண்டில் 9.6. முதல் மூன்று மாதங்களிற் கூடுவது 3.1 கிலோகிராம், அடுத்த மூன்றிற் 1.5, பின்னைய ஆறு மாதங்கள் முழுவதிலும் 1.7. பெண் குழந்தைக்குத் தொகைகள் சற்றுக் குறைந்தாலும் ஒழுங்கு ஒன்றே. டில்லிக் குழந்தையும் ஒஸ்லோக் குழந்தையும், நல்லூட்டமும் நற்சூழலும் வாய்த்தவிடத்து, ஏறத்தாழ ஒரே வகையாக வளர்ந்தன. வளர்ச்சி வேற்றுமைக்கு இனமன்று, வாழ்நிலையே முதற் காரணம் என்ற உண்மைக்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

ஆகவே தாய்ப்பாலை மட்டும் குடித்து முதல் மாதங்களில் விரைந்து நிறை ஏறும் பிள்ளைக்குப் பாலை மறுக்க வேண்டியதில்லை. மறுதலையாக, எவ்வளவு தடவை குடித்தாலும் நிறை ஏறாத பிள்ளையும் உண்டு. முதற் சில நாட்களில் நிறை சிறிது குறைதல் இயல்பு. இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறையை எட்டாவிடினும், சிறுநீர் குறைந்தாலும், பாலுக்கு எழும்பாது சோர்ந்து உறங்கினாலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். எண்ண வேண்டியது கடிகார மணியையன்று, நனைந்த துணிகளையும் தராசின் ஏற்றத்தையுமே.

அறிவு திருந்திற்று; வாழ்நிலை திருந்தியதா? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபின், பல குடும்பங்கள் தாய்வழி வளவை விட்டு உள்ளே குடியேற நேர்ந்தது. உம்மாவின் வீடு ஒரு வேலிக்கப்பால் இருந்த நிலை பலருக்கு இல்லாது போயிற்று. 2022இன் பொருளாதார நெருக்கடியிற் பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றபோது, அந்நியச் செலாவணியில் வாங்கும் உணவில் ஒரு சிசுவின் உயிர் தங்கியிருத்தல் எத்தகைய இடர் என்பது தெளிவாயிற்று.

நேரமும் எல்லோர்க்கும் ஒருபடித்தாக இல்லை. அரசாங்க ஆசிரியைக்கு 84 நாள் முழுச் சம்பளத்துடனும், மேலும் 84 நாள் அரைச் சம்பளத்துடனும் விடுமுறை உண்டு. தனியார் துறையில் அது 84 நாளோடு முடிகின்றது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்படி கூறும் அரசே, அதன் பாதிக்காலத்திற் பலரை வேலைக்கு அழைக்கின்றது. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம், பின்னைய திருத்தங்களோடு, ஒன்பது மணித்தியால வேலையிற் பாலூட்ட இரு இடைவேளைகள் வழங்குகின்றது. மருதமுனையில் தன் வீட்டுத் தறியில் நெய்பவளுக்கும், நாட்கூலிக்கு வயலில் இறங்குபவளுக்கும் இவற்றுள் எதுவும் இல்லை. வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களைப் பொறுத்தவரை, 2013இல் அரசு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாயைத் தடுத்தது. டொலர் வற்றிய 2022இல் அவ்வெல்லையை இரண்டு வயதாக்கியது. குழந்தையின் தேவை மாறவில்லை; திறைசேரியின் தேவையே மாறிற்று.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. அழுகை பசியின் கடைசி அறிகுறி. வாய் திறந்து தலை திருப்பித் தேடும்போதே ஊட்டுதல் வேண்டும் என இன்றைய மருத்துவம் கூறும். ஆயினும் உரிமை வேண்டுவோர்க்குப் பழமொழி இன்றும் பொருந்தும். கேட்டபோதெல்லாம் பால் கொடு என்று தாய்க்குப் போதிப்பது எளிது. கேட்டபோதெல்லாம் கொடுப்பதற்கு வேண்டிய நேரத்தை அவளுக்குக் கொடு என்று சமுதாயத்திடம் கேட்பதே கடினம். அந்தக் குரல் எழுப்பப்படாதவரை, தொட்டிலின்மேல் தொங்கும் கடிகாரம் அகலாது.