சிறிய காரில் பெரிய ரிம் பொருத்தலாமா? டயர் அளவும் சட்டமும் சொல்வது என்ன?

சிறிய கார் வாங்குவோர் பலர், விலை கருதி அடிப்படை ரகத்தைத் தேர்வு செய்துவிட்டு, பின்னர் இரும்பு ரிம்களைக் கழற்றிப் பெரிய அலாய் வீல்களைப் பொருத்துகின்றனர். காரின் தோற்றம் மாறிவிடுகிறது. ஆனால், ரிம் வளரும்போது டயரில் எது குறைகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

மாருதி சுசூகி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்ளலாம். 2018-இல் அறிமுகமான தலைமுறையில், தொடக்க ரகங்களுக்கு 165/80 ஆர்14 டயரும், உயர் ரகங்களுக்கு 185/65 ஆர்15 டயரும் வழங்கப்பட்டன. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே குறியீட்டில் மூன்று அளவுமுறைகள் கலந்திருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

கணக்கிட்டால், முதல் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ., இரண்டாவது 621.5 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் சக்கரம் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கிறது. 16 அங்குல ரிம்முக்கு 195/55 டயர் பொருத்தினாலும் 621 மி.மீ. கிடைக்கும். மாறாக, 185/65 டயரையே 16 அங்குல ரிம்மில் மாட்டினால் விட்டம் 647 மி.மீ. ஆகிவிடும். வேகமானியில் முள் முன்பு நின்ற அதே இடத்தில் நிற்க, கார் 4 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடும். திருப்பங்களில் டயர் உட்புறம் உரசவும் கூடும்.

விட்டம் மாறாமல் ரிம் வளர வேண்டுமெனில், பக்கச்சுவர்தான் குறைய வேண்டும். மேற்கண்ட மூன்று டயர்களில் அது முறையே 132, 120, 107 மி.மீ. சாலைக் குழியின் அதிர்ச்சியை முதலில் தாங்குவது இந்த ரப்பர்தான். மழைநீர் மூடிய குழியில் வேகமாக இறங்கினால், குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே பக்கச்சுவர் நசுங்கி, உள்ளிழைகள் அறுந்து டயர் புடைத்துவிடும். புடைத்த டயரைச் சரிசெய்ய இயலாது. மாற்றியே ஆக வேண்டும். இரும்பு ரிம் வளைந்தால் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். அலாய் ரிம்மோ விரிசல் விடக்கூடும்.

அகலமான டயரால் உலர்ந்த சாலையில் பிடிமானம் கூடும் என்பது உண்மையே. ஆயினும் எடை கூடினால் இழுவையும் மைலேஜும் சற்றுக் குறையும். நகரச் சாலைகளில் ஓடும் சிறிய காருக்கு 15 அங்குலம் நியாயமான எல்லை. 16 அங்குலம் பெரும்பாலும் அழகுக்கானதே.

ரிம் வாங்கும்போது விட்டம் மட்டும் பொருந்தினால் போதாது. போல்ட்களின் எண்ணிக்கையும் அவை அமையும் வட்டத்தின் அளவும், நடுத்துளையும், சக்கரம் வெளியே துருத்தும் அளவை முடிவு செய்யும் ஆஃப்செட்டும் பொருந்த வேண்டும். டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது. 85 என்ற குறியீடு, ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும் என்பதைக் குறிக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. எனவே, அதே காரின் உயர் ரகத்துக்குத் தயாரிப்பு நிறுவனமே வழங்கும் அளவைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பானது. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்துபூர்வமாகத் தெரிவித்துவிட வேண்டும்.