காகிதத்தில் அடங்காத செய்முறை: மறுசோதனையின் வரலாறு குறித்து

ஒருவர் செய்த சோதனையை, அவர் எழுதிவைத்ததைப் படித்து மற்றொருவர் செய்தாலும் அதே முடிவு கிடைக்க வேண்டும் என்று பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்கள். நவீன அறிவியல் தொடங்கிய காலத்திலேயே இவ்விதி தடுமாறியது என்பதும், தடுமாறிய இடம் இன்றுவரை மாறவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ராபர்ட் பாயில் 1660இல் தம் காற்றுப் பம்புச் சோதனைகளை நூலாக வெளியிட்டார். வாசகர் நேரில் கண்டதுபோல உணரவேண்டும் என்று, தோல்விகளையும் விடாமல் பக்கம் பக்கமாக விவரித்தார். ஆனால் நூலை மட்டும் படித்து அப்பம்பைச் செய்தவர் எவருமில்லை. செய்தவர்கள் எல்லாரும் ஏதேனும் ஒரு பம்பு இயங்குவதைக் கண்டவர்களே என்று அறிவியல் வரலாற்றாசிரியர்கள் ஸ்டீவன் ஷேப்பினும் சைமன் ஷாஃபரும் 1985இல் காட்டினர்.

அவர்களுள் ஒருவர் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். 1661இல் லண்டனில் பம்பைப் பார்த்துவிட்டு, ஹேக் நகரில் தமக்கென ஒன்றைச் செய்தார். நீர் நிரப்பிய குழாயைக் கவிழ்த்து, கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துக் காற்றை வெளியேற்றினால் நீர் இறங்கும். அதுவரை யாவரும் கண்டது அதுதான். ஹைகன்ஸ் நீரில் கரைந்திருந்த காற்றையும் முதலில் அகற்றினார். நீர் இறங்கவே இல்லை. சிறு குமிழி ஒன்று உள்ளே புகுந்ததும் சட்டென இறங்கியது.

லண்டனில் இதை யாரும் நம்பவில்லை. அவருடைய பம்பு ஒழுகுகிறது, மிஞ்சிய காற்றே நீரைத் தாங்குகிறது என்றார்கள். ஹைகன்ஸோ, நீர் நிற்பதே பம்பின் தரத்துக்குச் சான்று என்றார். முடிவு சரியா என்றறியப் பம்பு சரியாக இருக்க வேண்டும். பம்பு சரியா என்றறிய முடிவு தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சிக்கல் 1663இல் அவர் லண்டன் வந்து, அவர் உடனிருக்க நீர் நின்றபிறகே தீர்ந்தது. தீர்த்தது எழுத்தன்று, பயணம்.

பலர் உறுதிசெய்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. 1903இல் பிரான்சின் நான்சி நகரில் இயற்பியலாளர் பிளாண்ட்லோ அறிவித்த ‘என்-கதிர்கள்’ (N-rays) என்னும் புதிய கதிர்வீச்சை வேறு பல பிரெஞ்சு ஆய்வாளர்களும் கண்டதாகச் சொன்னார்கள். மறு ஆண்டு அங்கு சென்ற அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட், இருட்டில், அக்கதிர்களைப் பிரித்துக்காட்ட வேண்டிய பட்டகத்தைக் கருவியிலிருந்து ஓசையின்றி எடுத்துவிட்டார். அளவீடுகள் மாறாமல் தொடர்ந்தன!

1970களில் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ், ஒருவகை லேசரை ஆய்வகங்கள் உருவாக்கிய விதத்தை ஆராய்ந்தபோதும், வெளிவந்த கட்டுரைகளை மட்டும் நம்பிய ஆய்வகம் எதுவும் அதை இயக்கிக் காட்டவில்லை. ஆகவே, முந்தைய முடிவுகள் திரும்பக் கிடைக்காத ‘மறுசோதனை நெருக்கடி’ அண்மையில் பிறந்தது என்பதை ஏற்பதற்கில்லை. அண்மையில் வந்தது எண்ணிக்கைதான். 2015இல் உளவியலாளர் பிரையன் நோசெக் குழுவினர் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தனர். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றிருந்தன, மறுசோதனைகளில் 36 விழுக்காடே பெற்றன.

என் பார்வையில் அதைவிட முக்கியமானது 2021இல் முடிந்த புற்றுநோய் உயிரியல் மறுசோதனைத் திட்டம். 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றுள் ஒன்றுக்குக்கூட மூலக் கட்டுரையை மட்டும் கொண்டு முழுச் செய்முறை வகுக்க இயலவில்லை. கட்டுரையாளர்களுக்கே எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடமிருந்து பதிலோ பயனுள்ள உதவியோ வரவில்லை. முடிந்தவை 50 சோதனைகள். மற்ற 143 பொய்யென்று நிறுவப்படவில்லை. அவற்றை அக்குழு சோதித்து முடிக்கவே இல்லை.